121 டிகிரியிலும் சாகாத கிருமி

தோழர்களே, மருத்துவமனையில் ஆகச் சுத்தமாக இருக்க வேண்டிய இடம் எது? ஆபரேஷன் தியேட்டர் என்பீர்கள். அந்தத் தியேட்டருக்குள் போகிற கத்தி, இடுக்கி, கத்தரி, துணி எல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டியிலிருந்து வருகின்றன. அந்தப் பெட்டியின் உள்ளறை சரியில்லை என்றால், தியேட்டரில் எவ்வளவு பெரிய சர்ஜன் நின்றாலும் நோயாளிக்குப் பாதுகாப்பு கிடையாது.

அந்த உள்ளறையைத் துடைப்பது யார்? காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சமூகப் பணியில் இருக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க பாத்துக்குவாங்க" என்று பதில் வரும். அந்த ஆளுங்களின் பெயரைக் கேட்டால் காண்ட்ராக்டர் பெயரைச் சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்லவே வேண்டியதில்லை. ஊர் இல்லை, காலனி.

கோயிலையும் பட்டையும் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இந்த நகரத்தின் நோயாளிகள் உயிரோடு வீடு திரும்புவதற்குக் காரணமான ஒரு வேலையைப் பற்றி, அதில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றி இங்கே பேசுவோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

1879-இல் பாரிஸில், லூயி பாஸ்டரோடு வேலை பார்த்த சார்லஸ் சேம்பர்லாந்து உருவாக்கிய கருவி இது. தத்துவம் நம் வீட்டுப் பிரஷர் குக்கர்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொதிநீரில் சாகாத கிருமி வித்துகள் உண்டு. நீராவியை அடைத்து 15 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் வெப்பம் 121 டிகிரிக்குப் போகும். அந்த வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் நிறுத்தினால் அந்த வித்துகளும் சாகும். வேகமான கருவிகளில் 134 டிகிரி, மூன்று நான்கு நிமிடம்.

ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேற வேண்டும். காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 பவுண்டு என்றுதான் காட்டும், வெப்பம் மட்டும் ஏறாது. பாதிக் காற்று தங்கினால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான் கிடைக்கும். காற்று வெளியேறவே இல்லை என்றால் 100 டிகிரிதான். முள் சரியாக நிற்கும், கிருமி சாகாமல் இருக்கும். அப்படி வெளிவந்த கத்தியையும் நல்ல கத்தியையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க எவராலும் முடியாது.

காற்று எந்த வழியாக வெளியேறுகிறது? சாதாரண ஆட்டோகிளேவில் நீராவி மேலே நிரம்பி, கனமான காற்றைக் கீழே தள்ளுகிறது. உள்ளறையின் அடியில் ஒரு வடிகால் துளை, அதன் மேல் சின்னதாக ஒரு வடிகட்டி. துணியின் பஞ்சு, நூல் பிசிறு, ஒட்டுநாடாவின் பசை, லேபிள் துண்டு எல்லாம் அதில்தான் போய் அடைக்கும். அடைத்தால் காற்று தங்கும். பாவில் ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் சேலை நெடுகக் கோடு விழும் என்று நம் தறிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே விழுவது கோடு இல்லை, பிணம்.

ஆகவே தினமும் காலையில், பெட்டி நன்றாக ஆறிய பிறகு, அந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். உள்சுவரைப் பஞ்சு உதிராத துணியால், மென்மையான சோப்புக் கரைசலும் சுத்திகரித்த நீரும் கொண்டு துடைக்க வேண்டும். கதவின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் படிவு ஏறியிருந்தால் அதற்கென்று உள்ள அமிலக் கரைசலால் நீக்க வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. குளோரின் கலந்த கரைசல் கூடவே கூடாது, ஏனென்றால் அது துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இதெல்லாம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய தொழில்நுட்ப வேலை. கிருமிநீக்கத் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் படிப்புகளே இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? தரைக்கும் கக்கூஸுக்கும் கொடுத்த அதே குளோரின் கரைசலையும் அதே நாரையும் ஒருவர் கையில் கொடுத்து "இதையும் ஒரு கை பாத்துடும்மா" என்று அனுப்புகிறார்கள். அடுத்த லோடு காத்திருக்கிறது என்று சூடு ஆறுவதற்கு முன்பே கையை விடச் சொல்கிறார்கள். முழங்கையில் சூட்டுத் தழும்பு விழுகிறது. எஃகு அரித்துப் போனால் "படிக்காத ஆளுங்க, மெஷினைக் கெடுத்துட்டாங்க" என்று பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. கற்றுக்கொடுக்காதது யார் குற்றம்?

நீராவி மட்டும் இல்லை

வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் கருவிகளை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் சுத்தம் செய்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1982-இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று, மருத்துவமனைகளில் ரசாயனம் கொண்டு கருவிகளைச் சுத்தம் செய்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எண்டோஸ்கோப் குழாய்களை ஊறவைக்கிற குளூட்டரால்டிஹைடு மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.

நாற்பது வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயம் இது. நம்மூரில் அந்த அறையில் நிற்கிற பெண்ணிடம் யாராவது சொன்னார்களா? "கர்ப்பமா இருக்கியாம்மா, இந்தப் பக்கம் வராதே" என்று ஒரு சூப்பர்வைசராவது சொன்னதுண்டா?

கருவி கழுவும் இடத்தில் இன்னொரு ஆபத்து ஊசிக்குத்து. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை. இத்தனைக்கும் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். ஆறு மாதத்துக்குள் காண்ட்ராக்ட் மாறினால், ஆளை வேறு கட்டடத்துக்கு மாற்றினால், மூன்றாவது தவணை யார் கணக்கு? பழைய கம்பெனி கணக்கா, புதிய கம்பெனி கணக்கா? யார் கணக்கிலும் இல்லை.

தவறினால் யார் சாகிறார்கள்?

2008 ஜூலையில் பெரம்பலூரில் இலவசக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. தொற்று ஏறி 66 பேர் பார்வை இழந்தார்கள். இலவசம் என்று நம்பிப் போன கிராமத்து ஏழைகள் அவர்கள்.

2022-23இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் மெலியாய்டோசிஸ் என்னும் பாக்டீரியா நோய் மூளையைத் தாக்கிப் பலர் நோயுற்றார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து துருவியபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்த 10 பேரில் 8 பேர் செத்துப்போனார்கள். சலைன் பாட்டிலைத் திறக்கக் கிருமி நீக்காத ஒரு பல் கருவியைப் பயன்படுத்தி, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் விட்டிருக்கிறார்கள். பல்வலிக்குப் போய் உயிரை விட்டார்கள். ஆய்வறிக்கை 2025-இல் வெளியானது, நாமும் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்தோம்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் துப்புரவுத் தொழிலாளி காரணம் என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாகச் சொல்கிறேன். கிருமிநீக்கம் என்பதை யாரோ ஒருவர் செய்யும் எடுபிடி வேலையாக ஒரு நிறுவனம் நினைக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இவை சாட்சி. அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? கழுவுகிற வேலை கீழான வேலை, கழுவுகிறவர் கீழானவர் என்று இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொடுத்த சாதியிலிருந்து வருகிறது. ஆகவே இந்த நாட்டில் சாதி ஒரு நோய்த்தொற்றுக் காரணி. பாடப்புத்தகத்தில் அதைச் சேர்க்காதது பாடப்புத்தகத்தின் குறை.

கிருமியும் தீட்டும்

ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடமாகக் கருவி கழுவும் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "நான் கழுவுன கத்தி அவங்க வயித்துக்குள்ள போவுது. நான் மொண்டு குடுத்த தண்ணி மட்டும் தொண்டைக்குள்ள போவாது." எம்.ஏ. சமூகவியலில் இரண்டு வருடம் படித்ததை அந்த அக்கா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கிருமிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை நுண்ணோக்கியில் பார்க்கலாம், அளக்கலாம், 121 டிகிரியில் கொல்லலாம். செத்துவிட்டதா என்று வித்துப் பட்டை வைத்துச் சோதித்தும் பார்க்கலாம். தீட்டுக்கு எந்தச் சோதனையும் கிடையாது. ஒருவர் சோப்புப் போட்டுக் குளித்தாலும், கையுறை போட்டாலும், நாள் முழுக்க நீராவிக்குப் பக்கத்தில் நின்றாலும் அது போகாது. காரணம், அது அவர் உடம்பில் இல்லை. பார்க்கிறவன் மண்டையில் இருக்கிறது. அந்த மண்டையைப் போட்டு வேகவைக்கிற அளவுக்கு ஆட்டோகிளேவ் இன்னும் வரவில்லை.

மையக் கிருமிநீக்கப் பிரிவின் வரைபடத்தைப் பாருங்கள். அழுக்குப் பகுதி, சுத்தப் பகுதி, கிருமியற்ற பகுதி என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். கருவி ஒரு திசையில் மட்டும்தான் நகர வேண்டும், அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. அங்கே வேலை செய்கிற மனிதருக்கு விதி வேறு. அழுக்குப் பகுதியில் நின்றவர் உடை மாற்றி, கை கழுவி, தேவையான பயிற்சியோடு சுத்தப் பகுதிக்குப் போகலாம். அறிவியல் அவ்வளவுதான் கேட்கிறது. நம் ஊரில் கருவி அந்தப் பக்கம் போகிறது, மனிதர் மட்டும் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். இருபது வருடம் கழுவியவர் டெக்னீசியன் ஆவதில்லை. அவர் ஓய்வு பெற்றால் அவர் மகள் வந்து அதே சிங்க்கில் நிற்கிறாள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் காட்டினார். அவர் சொன்ன அடுக்கை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஒரு மருத்துவமனையின் கருவி கழுவும் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இது தற்செயலா? ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்த சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் சுமார் 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மருத்துவமனைக் கழுவுமிடங்களுக்கு இப்படி ஒரு சாதிக் கணக்கை அரசு எடுக்க மறுப்பது ஏன்? எடுத்தால் என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் உலர் கழிப்பறை, திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் ஆகியவற்றில் மனித மலத்தைக் கையாள்வதைப் பற்றிப் பேசுகிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் வேலையைப் பற்றியும் பேசுகிறது. மருத்துவமனையில் ரத்தமும் சீழும் சதையும் ஒட்டிய கருவியைக் கையால் கழுவுகிறவர் அதன் வரையறைக்குள் வரமாட்டார். சட்டத்தின் கண்ணில் அவர் 'ஹவுஸ்கீப்பிங்'.

ஆனாலும் கையில் ஆயுதமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. மருத்துவமனைக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். அதேபோல் ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனை. பாதுகாப்புக் கவசம் தருவதும் விபத்தைப் பதிவு செய்வதும் நிர்வாகத்தின் கடமை. கழிவுக்கான ஆட்டோகிளேவ் தனியாக இருக்க வேண்டும், அதில் சாதாரண நீராவி முறை என்றால் 121 டிகிரியில் 60 நிமிடம் ஓட்ட வேண்டும். கருவிக்கும் கழிவுக்கும் ஒரே பெட்டி என்றால் அது விதிமீறல்.

இதையெல்லாம் ஒரே வெட்டில் காலி செய்கிற கத்திதான் அவுட்சோர்சிங். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 69 சதவீத இடஒதுக்கீடு. காண்ட்ராக்ட் கம்பெனிக்கு அது பொருந்தாது. விளைவைப் பாருங்கள்: அலுவலக நாற்காலியில் நமக்கு ஒதுக்கீடு இல்லை, கழுவுமிடத்தில் ஒதுக்கீடு இல்லாமலேயே நாம்தான் நிற்கிறோம். 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவிப்பு வந்தது. கேட்டது பணிப் பாதுகாப்பு, கொடுத்தது காலை டிபன்.

சாக்குகள்

"யார் வேண்டுமானாலும் இந்த வேலைக்கு வரலாமே, நாங்களா தடுத்தோம்?" வரட்டுமே. ஏன் வரவில்லை? டெக்னீசியன் என்று பெயரும் சம்பளமும் போட்டு விளம்பரம் கொடுங்கள், எல்லாச் சாதியும் வரிசையில் நிற்கும். அதே வேலையைத் துப்புரவு என்று எழுதினால் ஒரே வரிசைதான் நிற்கும். அப்படியென்றால் அவர்களைத் தள்ளி நிறுத்தியது வேலையா, பெயரா?

"பெயரைத்தான் மாற்றிவிட்டோமே, தூய்மைப் பணியாளர் என்று." ஆம், 2020-இல் மாற்றினார்கள். பெயர்ப்பலகைக்கு நன்றி. அந்தப் பெயரோடு நிரந்தரப் பணி வந்ததா, பதவி உயர்வு வந்ததா?

"இது புனிதமான சேவை." 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். அதே ஆண்டு நம் ஊரில் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தார், ஒரு கோடிக்கு மேல் கூட்டம் வந்தது. அத்தனை பேர் விட்டுப்போன குப்பையையும் கழிவையும் அள்ளியவர்களை யாருக்காவது நினைவிருக்கிறதா? புனிதமான வேலை என்றால் எல்லோரும் முறை வைத்துச் செய்யலாம். தட்டில் வைத்த காலைக் கழுவுவது சுலபம், தடுப்பூசி அட்டையில் மூன்றாவது தவணையைப் போடுவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

"தானியங்கி மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்." மெஷின் வரட்டும், வேண்டும். ஆனால் மெஷினுக்கும் வடிகட்டி உண்டு, ரப்பர் வளையம் உண்டு. மெஷின் வந்ததும் அதை இயக்க வேறு சாதி ஆள், அதன் உள்ளே கையை விட்டுத் துடைக்க அதே காலனி ஆள் என்றால், மாறியது கருவி மட்டும்தான்.

என்ன செய்யலாம்?

மாணவத் தோழர்களே, முகநூலில் கோபப்பட்டால் மட்டும் போதாது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பொதுத் தகவல் அலுவலருக்கு இவற்றைக் கேட்டு எழுதுங்கள்:

1. கருவிகளைக் கழுவுவதும் கிருமிநீக்கிப் பெட்டியின் உள்ளறையைச் சுத்தம் செய்வதும் எந்தப் பணியிடத்தின் பொறுப்பு? அதற்கான எழுத்துப்பூர்வ நடைமுறை நகல் தருக.

2. இந்த வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை?

3. கடந்த மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குத் தந்த பயிற்சி நாட்கள் எத்தனை? ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் முடித்தவர்கள் எத்தனை?

4. ஊசிக்குத்து, சூட்டுக்காயம் என்று பதிவான விபத்துகள் எத்தனை?

5. கருவிக்கும் கழிவுக்கும் தனித்தனி ஆட்டோகிளேவ் இருக்கிறதா?

பெயரும் முகவரியும் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வரக் கூடாது. நான்காவது கேள்விக்கு 'ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தால் மகிழ வேண்டாம். பதிவேடே இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். தனியார் மருத்துவமனை என்றால், அவர்கள் ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டிய நான்காம் படிவ அறிக்கையைத் தேடுங்கள். பயிற்சி விவரமும் விபத்து விவரமும் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனையின் இணையதளத்தில் அதை வெளியிட வேண்டும் என்பதும் விதி.

அரசிடம் நாம் கேட்பது சலுகை கிடையாது. கிருமிநீக்கப் பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தொழில்நுட்பப் பணியாளர் என்ற பதவி. இப்போது அங்கே இருப்பவர்களுக்கு அவர்கள் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துப் பயிற்சியும் சான்றிதழும் நிரந்தரப் பணியும். புதிதாக ஆள் எடுக்கும்போது எல்லாச் சாதியிலிருந்தும், இடஒதுக்கீட்டுச் சுழற்சியோடு. கழுவுமிடத்திலிருந்து இயக்குமிடத்துக்கும் அங்கிருந்து கண்காணிப்பாளர் நாற்காலிக்கும் போகிற பதவி உயர்வு ஏணி. வாயுக் கிருமிநீக்க அறையில் கர்ப்பிணிகளை நிறுத்தக் கூடாது என்ற எழுத்துப்பூர்வ உத்தரவு.

மருத்துவம், நர்சிங் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் தியேட்டரில் நிற்கும்போது கைக்கு வருகிற கருவித் தட்டைப் பாருங்கள். அதன் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், பெட்டிக்குள் போய் வந்தது என்பதற்கு அடையாளம். தேதி இருக்கும், லோடு எண் இருக்கும். அதைத் தயார் செய்தவர் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தவறு நடந்தால் பிடிப்பதற்கு மட்டும் என்றில்லாமல், நடக்காத ஒவ்வொரு நாளும் அது யாருடைய உழைப்பு என்று தெரிவதற்காக.

ஜெய்பீம்.